பத்து ராகமும் பதினாறு கட்டமும்: கம்ப்யூட்டரில் ஆசிட் டெக்னோ

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது பாட்டுக் கேட்பதுதான். ஆனால் பாட்டைக் கேட்கும் அதே கம்ப்யூட்டரில் இசையை உருவாக்கவும் முடியும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. "அதற்கெல்லாம் ஸ்டூடியோ வேண்டாமா? கீபோர்டு வாசிக்கத் தெரிய வேண்டாமா?" என்று கேட்கிறீர்களா? எல்லா வகை இசைக்கும் இல்லாவிட்டாலும், ஒரு வகை இசைக்கு இரண்டுமே தேவையில்லை. அதுதான் ஆசிட் டெக்னோ. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். முறையாகச் சங்கீதம் படித்தவன் அல்லன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் நிச்சயம் புரியும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. இந்த இசையின் உயிர்நாடியான கருவியை வைத்து, உலகம் அதன் பெயரைக் கேட்பதற்கு முன்பே, நம் நாட்டில் ஒருவர் முழு இசைத்தட்டே வெளியிட்டுவிட்டார். அந்தக் கதையையும், அந்த ஒலி பிறக்கும் விதத்தையும், அதை உங்கள் கம்ப்யூட்டரில் இலவசமாக உருவாக்கும் வழியையும் இங்கு பார்ப்போம்.

எப்படி இருக்கும் இந்த இசை?

டெக்னோ என்பது ஆடுவதற்காக உருவாக்கப்பட்ட இசை. 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் போன்ற இளைஞர்கள் எலக்ட்ரானிக் கருவிகளை வைத்து இதனை உருவாக்கினர். சிகாகோ நகரில் இதன் உறவினரான ஹவுஸ் இசை வளர்ந்தது. இரண்டிலும் "டும், டும், டும், டும்" என்று சீராக அடிக்கும் பெரிய டிரம் ஒலிதான் அடிப்படை.

அந்த அடியின் மேல் நெளிந்து நெளிந்து, முனகி, பிறகு கீச்சிட்டு ஓடும் ஓர் ஒலியைச் சேர்த்தால் அது ஆசிட். பாட்டு இருக்காது, பல்லவி, சரணம் இருக்காது. ஒரே சிறு வரி திரும்பத் திரும்ப வரும். ஆனால் அதன் நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். வேகத்தையும் ஒலியின் கரகரப்பையும் கூட்டி, ஸ்வரங்களை இருண்ட வகையில் அமைத்தால் அதுவே ஆசிட் டெக்னோ. 1990களில் லண்டனில் இது பெரிதாக வளர்ந்தது.

"ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் வளர்ந்தது சமயபுரத்தில். திருவிழாக் காலத்தில் பறையும் தவிலும் உடுக்கையும் ஒரே அடியை நெடுநேரம் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. திரும்ப வருவதால்தான் கால்கள் ஆடுகின்றன. சின்ன மாற்றம் வந்தாலும் உடனே காதில் படுகிறது.

தோற்றுப்போன வெள்ளிநிறப் பெட்டி

ஆசிட் ஒலியின் தாய் ஒரு சிறிய, வெள்ளி நிறப் பிளாஸ்டிக் பெட்டி. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த இதன் பெயர் டிபி-303. டிபி என்பது டிரான்சிஸ்டர் பேஸ் என்பதன் சுருக்கம். வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ.

இது செய்யப்பட்டதன் நோக்கம் வேறு. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இருக்காது. அந்த ஆளுக்குப் பதிலாக இந்தப் பெட்டி வாசிக்கும். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால் அது தானே வாசித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் பெட்டி விற்கவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் ஒலி உண்மையான பேஸ் கிட்டார் போல இல்லை. இரண்டாவது, ஸ்வரங்களைத் தனியாகவும் கால அளவுகளைத் தனியாகவும் பதிய வேண்டியிருந்ததால் பலருக்குத் தலை சுற்றியது. சுமார் 10,000 பெட்டிகளுடன் 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்களும் பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்படிக் குறைந்த விலைக்குக் கிடைத்த ஒன்றைத்தான் சிகாகோவில் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் வாங்கினார்கள். பேஸ் வாசிக்கச் சொல்வதற்குப் பதிலாக, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினார்கள். அதுவரை யாரும் கேட்டிராத நெளியும் ஒலி வந்தது. பியூச்சர் என்ற குழுப் பெயரில் அவர்கள் 1987-ல் வெளியிட்ட ஆசிட் டிராக்ஸ் என்ற இசைத்தட்டிலிருந்துதான் இந்த வகை பிரபலமானது. தோற்றுப்போன பெட்டிக்கு அதன் பிறகு வந்த மதிப்பே வேறு. இன்று பழைய அசல் 303 ஒன்றின் விலைக்கு நல்ல கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம்.

மும்பை, 1982

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சரண்ஜித் சிங் என்பவர் மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசித்தவர். ஆர்.டி.பர்மன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் வாசித்த அனுபவம் அவருக்கு உண்டு. புதிய எலக்ட்ரானிக் கருவிகள் மீது அவருக்குத் தனி ஆர்வம்.

ரோலண்டின் மூன்று கருவிகள் அவரிடம் இருந்தன. ஒன்று, ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர். இரண்டாவது, டிஆர்-808 என்ற டிரம் மெஷின். மூன்றாவது, நாம் மேலே பார்த்த டிபி-303. இவற்றை ஒன்றோடொன்று இணைத்து, 1982-ல் அவர் உருவாக்கிய இசைத்தட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் "சிந்தசைசிங்: டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்". பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய பத்து ஹிந்துஸ்தானி ராகங்கள் அதில் உள்ளன.

இவற்றில் பல நம் கர்நாடக சங்கீதத்திலும் வேறு பெயரில் இருக்கின்றன. பூபாளியின் ஸ்வரங்கள் நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் நம் கல்யாணி. கலாவதி நம் வலஜி. முதல் ராகமான பைரவின் ஏழு ஸ்வரங்களும் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களே. பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதல் நாள் பாடும் சரளி வரிசையின் ராகம் அது!

டிரம் மெஷின் சீராக அடிக்க, 303 பின்னால் இடைவிடாமல் ஓட, மேலே சிந்தசைசரில் ராகத்தை வாசித்திருக்கிறார் சரண்ஜித் சிங். இந்தத் தட்டும் விற்கவில்லை. சங்கீதம் கேட்பவர்களுக்கு அது டிஸ்கோ; டிஸ்கோ கேட்பவர்களுக்கு அது சங்கீதம். இருபது ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 2002-ல் டில்லியில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் கையில் இது கிடைத்தது. 2010-ல் அவருடைய பாம்பே கனெக்‌ஷன் என்ற நிறுவனம் இதை மீண்டும் வெளியிட்டது. அதன் பின் எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங் வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்தார். 2015-ல் காலமானார்.

"ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர்" என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். இதை அப்படியே ஏற்கலாமா? நிதானமாகப் பார்ப்போம். சரண்ஜித் சிங்கின் தட்டு ஐந்து ஆண்டுகள் முந்தியது என்பது உண்மை. கருவி ஒன்று என்பதும் உண்மை. ஆனால் விற்காமல் போன ஒரு மும்பைத் தட்டைச் சிகாகோ இளைஞர்கள் கேட்டார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. செய்த முறையும் வேறு. சரண்ஜித் சிங்குக்கு ராகம்தான் முக்கியம். 303 அதற்குத் துணை. சிகாகோ இளைஞர்களுக்கு 303-ன் குமிழைத் திருகுவதே இசை. ஆகவே ஒரே பெட்டி, இரண்டு ஊர்களில், தனித்தனியாக, வேறு வேறு மனிதர்களின் காதில் புதிதாக ஒலித்தது என்பதே சரி. இதனால் சரண்ஜித் சிங்கின் பெருமை சிறிதும் குறையவில்லை. சந்தைக்கு வந்த புதிதிலேயே, தயாரித்தவர்கள் நினைக்காத ஒன்றை அந்தப் பெட்டியில் செய்து காட்டியவர் அவர்.

நம் தமிழர்களிலும் ஓர் உதாரணம் உண்டு. லண்டனில் பிறந்து, சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005-ல் அருளர் என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதன் பாடல்களின் முதல் வடிவங்களை அவர் உருவாக்கியது ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியில். அதுவும் கட்டம் கட்டமாக ஒலிகளைப் பதியும் பெட்டிதான்.

ஒலி எப்படி நெளிகிறது?

இதுதான் முக்கியமான பகுதி. இது புரிந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரிலும் வேலை செய்யலாம்.

ஒரு சிறு சோதனை. வாயைக் குவித்து "ஊ..." என்று நீட்டிச் சொல்லுங்கள். ஸ்வரத்தை மாற்றாமல், மூச்சை விடாமல், மெதுவாக "ஊ... ஆ... ஈ..." என்று மாற்றுங்கள். தொண்டை ஒரே ஸ்வரத்தைத்தான் தருகிறது. வாயின் வடிவம் மட்டும் மாறுகிறது. ஆனால் ஒலி எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்! மோர்சிங் வாசிப்பவர் செய்வதும் இதுவே. அதன் இரும்பு நாக்கு ஒரே ஸ்வரத்தில் அதிர, வாயின் வடிவத்தை மாற்றித்தான் அவர் அத்தனை ஒலிகளையும் கொண்டுவருகிறார்.

303-லும் ஒரு தொண்டையும் ஒரு வாயும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு ஆசிலேட்டர் என்று பெயர். அது ரம்பப் பல் வடிவ அலையை உருவாக்குகிறது. 55 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றை வாசித்தால், அதில் 55 மட்டும் இருக்காது. 110, 165, 220 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். அதனால்தான் அது வண்டு ரீங்காரம் போலக் கரகரப்பாக இருக்கிறது.

வாய்க்கு ஃபில்டர் என்று பெயர். மாவு சலிக்கும் சல்லடை போல, ஓர் எல்லைக்குக் கீழ் உள்ள ஒலிகளை மட்டும் விட்டு, மேலே உள்ளவற்றைத் தடுக்கும். அந்த எல்லையை மாற்றும் குமிழ் கட்-ஆஃப். அதைக் குறைத்தால் ஒலி போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கும். கூட்டினால் பளிச்சென்று திறக்கும்.

அடுத்த குமிழ் ரெசனன்ஸ். இது எல்லைக்கு மிக அருகில் உள்ள ஒலியை மட்டும் தூக்கிக் காட்டும். ரெசனன்ஸைக் கூட்டி வைத்துக்கொண்டு கட்-ஆஃபைத் திருகினால், அந்த எல்லை மேலும் கீழும் போவது தனியாகக் காதில் கேட்கும். ஆசிட் நெளிவு என்பது இதுதான்.

மீதமுள்ளவை எளிது. என்வலப் என்பது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வாயைச் சட்டென்று திறந்து மூடும் ஏற்பாடு. அது எவ்வளவு சீக்கிரம் மூட வேண்டும் என்பதை டிகே குமிழ் சொல்கிறது. ஆக்சென்ட் என்பது குறிப்பிட்ட ஸ்வரத்தை அழுத்தி வாசிப்பது. ஸ்லைடு என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வது. உடுக்கையின் நடுக் கயிற்றை அழுத்தும்போது ஒலி குழைந்து உயர்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குழைவுக்கு ஸ்லைடு ஓரளவு நெருக்கமானது. டிஸ்டார்ஷன் என்பது ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது. ஆசிட் டெக்னோவுக்கு அதன் முரட்டுத்தனம் பெரும்பாலும் இதிலிருந்து வருகிறது.

இனி, பதினாறு கட்டம். நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றை, அடிக்கு நான்காக 16 சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஸ்வரம் வைக்கலாம் அல்லது காலியாக விடலாம். நிமிடத்துக்கு 125 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு 0.48 விநாடி, ஒரு கட்டத்துக்கு 0.12 விநாடி. முழுச் சுற்றும் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தாலும் இதே 16 வருவதைக் கவனியுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்போம்

இதற்கு எல்எம்எம்எஸ் என்ற சாஃப்ட்வேர் போதும். இது இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். எல்எம்எம்எஸ் டாட் ஐஓ என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். இதில் எல்பி302 என்ற கருவி உள்ளது. அது 303-ஐப் பின்பற்றி எழுதப்பட்டது.

1. எல்எம்எம்எஸ்ஸைத் திறந்து, மேலே டெம்போ என்ற இடத்தில் 125 என அமைக்கவும்.

2. இடப்பக்கப் பட்டியில் கருவிகளின் பட்டியலைத் திறக்கவும். கிக்கர் என்பதை மவுஸால் இழுத்து பீட் பிளஸ் பேஸ்லைன் எடிட்டர் என்ற விண்டோவில் விடவும். சில பதிப்புகளில் இதன் பெயர் பேட்டர்ன் எடிட்டர். கிக்கர் ஏற்கெனவே அங்கு இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

3. கிக்கருக்கு எதிரே 16 கட்டங்கள் தெரியும். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் கிளிக் செய்யவும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் "டும், டும், டும், டும்" கேட்கும்.

4. அதே போல எல்பி302-ஐ இழுத்து விடவும். அதன் கட்டங்களின் மேல் ரைட் கிளிக் செய்து, ஓபன் இன் பியானோ ரோல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இடப்பக்கம் பியானோ கட்டைகளும், வலப்பக்கம் கட்டங்களும் தெரியும். கிளிக் செய்தால் ஸ்வரம் வரும். ரைட் கிளிக் செய்தால் அழியும்.

5. மாயாமாளவகௌளைக்குத் தேவையான கட்டைகள் இவை: ஸ என்பது சி, ரி என்பது சி ஷார்ப், க என்பது இ, ம என்பது எஃப், ப என்பது ஜி, த என்பது ஜி ஷார்ப், நி என்பது பி. பியானோவின் கீழ்ப் பகுதியில் உள்ள கட்டைகளைப் பயன்படுத்தவும். 16 கட்டங்களிலும் வரிசையாக இப்படி வையுங்கள்: ஸ, ஸ, ரி, காலி, ஸ, காலி, க, ம, ஸ, ஸ, காலி, ரி, ப, காலி, த, ப.

6. பியானோ ரோலில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் இந்த வரி மட்டும் ஒலிக்கும். டிரம்முடன் சேர்த்துக் கேட்க, முந்தைய எடிட்டர் விண்டோவில் கிளிக் செய்துவிட்டு ஸ்பேஸ் பாரை அழுத்தவும்.

7. எல்பி302 என்ற பெயரின் மேல் கிளிக் செய்தால் அதன் குமிழ்கள் தெரியும். ரெசனன்ஸை முக்கால் பங்கு வரை கூட்டவும். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்-ஆஃபை மிக மெதுவாக ஏற்றி இறக்கவும். நாற்பது ஆண்டுகளாக உலகத்தை ஆடவைக்கும் ஒலி உங்கள் மேஜையில் கேட்கும்!

ஸ-வுக்கும் ரி-க்கும் இடையிலும், ப-வுக்கும் த-வுக்கும் இடையிலும் அரை ஸ்வர தூரமே இருக்கிறது. அந்த நெருக்கம்தான் இதற்கு இருண்ட தன்மையைத் தருகிறது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ரி-யை டி கட்டைக்கும், த-வை ஏ கட்டைக்கும் மாற்றி, ம-வை எடுத்துவிடுங்கள். மோகனத்தின் ஸ்வரங்கள் வந்துவிடும். அதே தாளம், அதே குமிழ். ஆனால் இருட்டில் விளக்கேற்றியது போல இருக்கும். ராகம் என்பது வெறும் ஸ்வரப் பட்டியல் அல்ல, கமகம் இல்லாமல் அது முழுமையாகாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாம் இங்கு எடுத்துக்கொண்டது ராகத்தின் எலும்புக்கூட்டை மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

முதலில் உங்கள் காது. ரெசனன்ஸைக் கூட்டும்போது திடீரென்று காதைக் கிழிக்கும் கீச்சொலி வரலாம். லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது என்பதால் பலர் ஹெட்போன் அணிவார்கள். அப்போது வால்யூமைக் குறைத்துவிட்டுத்தான் குமிழைத் திருக வேண்டும். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒலி கூடக்கூட இந்த நேரம் வேகமாகக் குறைந்துவிடும். கேட்கும் திறன் போனால் அதைத் திரும்பப் பெற எந்த சாஃப்ட்வேரும் இல்லை.

இரண்டாவது, விலை உயர்ந்த இசை சாஃப்ட்வேர்களின் "கிராக்" பதிப்புகளைத் தேடிப் போகாதீர்கள். வைரஸ் பரப்புபவர்களுக்கு அது மிகவும் பிடித்த வழி. கற்றுக்கொள்ள இலவச சாஃப்ட்வேரே தாராளம்.

மூன்றாவது, பிறர் வாசித்ததைச் சேர்ப்பது. உங்கள் ஊர்க் கலைஞரின் உடுக்கையையோ பறையையோ போனில் பதிவு செய்து இதில் இணைக்க ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் பெயரைப் பாட்டுடன் போடுங்கள். அதில் வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு கொடுங்கள். திருவிழாவுக்குத் திருவிழா வாசித்துப் பிழைக்கும் ஒருவரின் இரண்டு விநாடியை எடுத்து, பெயரில்லாமல் ஆயிரம் முறை ஓட்டுவது நியாயமல்ல. சரண்ஜித் சிங்கின் தட்டு இருபது ஆண்டுகள் தூசியில் கிடந்தும் அவரைத் தேடிப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், உறையில் அவர் பெயர் இருந்ததுதான்.

நான்காவது, சேமிப்பு. கன்ட்ரோல், எஸ் அழுத்தி அடிக்கடி சேமியுங்கள். ஃபைல் பெயரிலேயே தேதியைச் சேர்த்துவிடுங்கள். முடிந்த பாட்டை ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் மூலம் டபிள்யூஏவி அல்லது எம்பி3-ஆக மாற்றுங்கள். மூல ஃபைலுக்கு ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வையுங்கள். இன்று "யார் கேட்கப் போகிறார்கள்?" என்று நீங்கள் அழிக்கும் ஒன்றை, இருபது ஆண்டு கழித்து ஒருவர் தேடி வரலாம்.

முதல் வாரம் ஒரு வரியும் ஒரு டிரம்மும் போதும். கட்-ஆஃப், ரெசனன்ஸ் இரண்டு குமிழ்களையும் மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அடுத்த வாரம் டிஸ்டார்ஷனைத் தொடுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த வேறு ராகத்தின் ஸ்வரங்களைப் பதினாறு கட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஹிந்தோளத்தில் தொடங்கலாம், அதில் ஐந்து ஸ்வரங்கள்தான்.